மரகவல்லி யார்? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

என் அம்மாவின் பெயர் மரகதவல்லி. வயது 78. ரேஷன் அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றிலும் அதே பெயர்தான். கும்பகோணத்தில் நாங்கள் குடியிருக்கும் வீடு அம்மாவின் பெயரில் இருப்பதால், ஃபைபர் இணைய இணைப்பையும் அவர் பெயரிலேயே வாங்கினோம். பெட்டி மாட்ட வந்த இளைஞர் திண்ணையில் உட்கார்ந்து தன் கைபேசியில் விவரங்களைத் தட்டினார். அவசரத்தில் நடுவிலிருந்த ‘த’ விடுபட்டுப்போய் அம்மா ‘மரகவல்லி’ ஆகிவிட்டார். முகவரியில் அடையாளம் கேட்கும் கட்டத்தில், மறுநாள் கம்பி இழுக்க வருபவருக்கு வழி தெரிய வேண்டும் என்று ‘கிணற்றுக்குப் பின்னால்’ என எழுதிக்கொண்டார். முதல் மாத ரசீதிலேயே பெயர்ப்பிழையைப் பார்த்தேன். திருத்தச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்து விட்டுவிட்டேன். இன்று அந்தப் பிழைதான் எனக்கிருக்கும் சாட்சி.

இணைப்பு வந்த மூன்றாவது வாரம் அம்மாவின் கைபேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. “மரகவல்லி மேடமா?” என்று ஒரு பெண் கேட்டார். மூத்த குடிமக்களுக்கான மருத்துவக் காப்பீடு விற்கிறாராம். அம்மா தவறான எண் என்று வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர், தனிநபர் கடன் வேண்டுமா என்று. அவருக்கும் மரகவல்லிதான் வேண்டும். அந்த மாதத்துக்குள் ஐந்து அழைப்புகள். ஐந்தாவது அழைப்பை நான் எடுத்தேன். அழைத்தவர் முகவரியைச் சரிபார்ப்பதாகச் சொல்லிப் படித்தார்: தெருப் பெயர், கதவு எண், அதன் பின் “கிணற்றுக்குப் பின்னால்”.

எங்கள் வீட்டுக் கிணற்றை அஞ்சல் முகவரியில் யாரும் எழுதியதில்லை. மரகவல்லி என்று ஒரு பெண் இந்த வீட்டில் பிறந்ததும் இல்லை, வாழ்ந்ததும் இல்லை. அந்தப் பெயரும் அந்தக் கிணறும் ஒன்றாகப் பதிவாகியிருப்பது இந்த உலகத்தில் ஒரே இடத்தில்: எங்கள் இணைய நிறுவனத்தின் சந்தாதாரர் பதிவேட்டில். அங்கிருந்து அவை காப்பீட்டுக்காரருக்கும் கடன்காரருக்கும் எப்படிப் போயின?

நிறுவனத்தின் புகார் மையத்துக்கு எழுதினேன். “தங்கள் விவரங்கள் எங்களிடம் பாதுகாப்பாக உள்ளன” என்று ஒரு வரி வந்தது. மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். நீங்கள் ஒப்புக்கொண்ட தனியுரிமைக் கொள்கையின்படி ‘கூட்டாளிகள் மற்றும் துணை நிறுவனங்களுடன்’ விவரங்களைப் பகிர்ந்துகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு என்று பதில் வந்தது. நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? திண்ணையில் அந்த இளைஞர் “ஓடிபி சொல்லுங்கள்” என்றார். சொன்னேன். அந்த ஆறு இலக்கம்தான் என் சம்மதமாம். கொள்கையைப் பிறகு தேடி எடுத்துப் படித்தேன். முழுவதும் ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இணைப்பு அவர் பெயரில். சம்மதமும் சட்டப்படி அவருடையதாகத்தான் இருக்க முடியும்.

தனிப்பட்ட சந்தாதாரர்களின் புகாரை ஆணையம் விசாரிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் என் புகாரைத் தீர்க்கச் சொல்லி இதை எழுதவில்லை. இந்தப் புகார் எழுவதற்கே இடம் கொடுக்கும் விதிகளைப் பற்றி எழுதுகிறேன். அவற்றை மாற்றச் சொல்லும் அதிகாரமும், சிலவற்றை நேரடியாக மாற்றும் அதிகாரமும் உங்களிடம் இருக்கின்றன.

பெயரும் முகவரியும் போனதோடு முடிந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் தமிழாசிரியை. பழைய இலக்கியச் சொற்களுக்குப் பொருள் பார்க்க ஒரு தளத்தைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தன் கைக்காசைப் போட்டு நடத்தும் தளம் அது. விளம்பரம் கிடையாது. முகவரிப் பட்டையில் பூட்டுக்குறி வராத பழைய வகைத் தளம். ஒருநாள் இரவு வினாத்தாள் தயாரிக்கும்போது அந்தப் பக்கத்தின் அடியில், பணம் வைத்து ஆடும் விளையாட்டு ஒன்றின் விளம்பரப் பட்டை மின்னியது. பேராசிரியருக்கு எழுதிக் கேட்டேன். அவர் பதறிப்போய், தான் எந்த விளம்பரத்தையும் சேர்க்கவில்லை என்றும், தன் கணினியில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றும் எழுதினார். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டுக் கைபேசியின் டேட்டாவில் அதே பக்கத்தைத் திறந்தேன். பட்டை இல்லை. வைஃபையை மறுபடி போட்டேன். பட்டை வந்தது. பொறியியல் படிக்கும் என் தங்கை மகன் பக்கத்தின் நிரலைத் திறந்து, கடைசியில் ஒட்டியிருந்த ஒரு வரியைக் காட்டினான். அந்தத் தளத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு முகவரியிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டு வரச் சொல்லும் வரி. பேராசிரியரின் சர்வரிலிருந்து புறப்படும்போது அந்த வரி இல்லை. என் வீட்டுக்கு வந்து சேரும்போது இருக்கிறது. இடையில் இருப்பவர் யார்?

வாடிக்கையாளர் சேவையில் “உங்கள் கணினியில் வைரஸ் இருக்கும்” என்றார்கள். பக்கத்து வீட்டு லேப்டாப்பை வாங்கி வந்து எங்கள் இணைப்பில் திறந்தேன், அதிலும் பட்டை. படங்களோடு இரண்டாவது மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. நான்காம் நாள் பட்டை மட்டும் காணாமல் போயிருந்தது.

இது எங்கள் தெருவில் மட்டும் நடந்த புதுமை இல்லை. 2015இல் பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் 3ஜி சேவையில், வாடிக்கையாளர் பார்க்கும் பக்கங்களுக்குள் அந்நிய நிரல் செருகப்படுவதை ஒரு நிரலாளர் கண்டுபிடித்து வெளியிட்டார். டேட்டா பயன்பாட்டை அளப்பதற்காகச் செய்த சோதனை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அந்த நிரலை எழுதிய இஸ்ரேல் நிறுவனம், கண்டுபிடித்தவருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அது உங்கள் ஆணையத்துக்குத் தெரியாத செய்தி அன்று.

பூட்டுக்குறி இருக்கும் தளங்களில் இப்படிச் செருக முடியாது, அங்கே நாம் படிப்பதையும் எழுதுவதையும் இடையில் இருப்பவர் பார்க்க முடியாது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் தெரியும். ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அந்தப் பெயருக்குரிய எண்ணை நம் பெட்டி விசாரிப்பது வழக்கமாக அதே நிறுவனத்தின் சர்வரிடம்தான். எப்போது போனோம், எவ்வளவு நேரம் இருந்தோம், எவ்வளவு இறக்கினோம் என்பதும் தெரியும்.

தளத்தின் பெயர்தானே என்று சொல்பவர்கள் என் வீட்டின் ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் சிறுநீரக மருத்துவமனை ஒன்றின் தளம், மறுநாள் காலை அதே தளம், மாலையில் டயாலிசிஸ் மையத்தின் தளம். மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் எங்கள் வைஃபையையே பயன்படுத்துகிறார். குடும்ப நல வழக்குகள் பார்க்கும் வக்கீல் அலுவலகத்தின் தளத்துக்குப் போவது அவர். தங்கை மகன் வேலை தேடும் தளம். நகைக்கடன் நிறுவனத்தின் தளம், அது நான். இந்த வீட்டில் யாருக்கு நோய், யாருக்கு வழக்கு, யாருக்கு வேலையில்லை, யாருக்குப் பணமுடை என்பதைச் சொல்ல இந்தப் பெயர்களே போதும். எங்கள் உறவினர்களுக்கே இன்னும் சொல்லாத செய்திகள் இவை.

இந்தப் பட்டியல் விற்கப்பட்டதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. விற்கப்பட்டது என்று குற்றம் சாட்டவும் மாட்டேன். பெயரும் முகவரியும் போனதைக்கூட ஓர் இளைஞரின் கைப்பிழை காட்டிக்கொடுத்ததால்தான் கண்டுபிடித்தேன். பட்டியல் போனால் காட்டிக்கொடுக்கப் பிழை எதுவும் இருக்காது. போனதா இல்லையா என்று சந்தாதாரர் தெரிந்துகொள்ள ஒரு வழியுமே இல்லாத ஏற்பாட்டை நீங்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

என் அப்பா தபால்காரர். தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களில் 31 ஆண்டுகள் சைக்கிளில் பட்டுவாடா செய்தவர். உறையைப் பிரிக்காமலே ஊரின் கதை முழுவதும் அவருக்குத் தெரியும். எந்த வீட்டுக்குக் கோர்ட்டிலிருந்து பதிவுத் தபால் வருகிறது, எந்தப் பையனுக்கு மில்லிலிருந்து வேலை உத்தரவு வந்தது, எந்தப் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கடிதமே வருவதில்லை என்பதெல்லாம் மேலே எழுதியிருக்கும் முகவரியிலேயே தெரிந்துவிடும். இன்றைய இணைய நிறுவனம் பார்ப்பதும் அதேபோல உறையின் மேற்புறத்தைத்தான்.

எங்கள் ஊரில் ஒரு வட்டிக்கடைக்காரர் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து மணியார்டர் வரும் வீடுகளில் பாதிக்கு மேல் அவரிடம் கடன்பட்டவை. ஒருநாள் மாலை அவர் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். யாருக்கு எப்போது பணம் வருகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தொகைகூட வேண்டாம், மாதம் இருபது ரூபாய் தருகிறேன் என்றார். அப்பாவின் சம்பளத்துக்கு அது பெரிய பணம். என் பள்ளிச் சீருடைக்குத் துணி எடுக்க முடியாமல் இருந்த ஆனி மாதம் அது. அப்பா, “ஐயா, காபி சாப்பிட்டுப் போங்கள்” என்றார். அவர் போன பிறகு அம்மா கேட்டார், யார் வீட்டுக்குப் பணம் வருகிறது என்று சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது என்று. “அவர்கள் என்னை நம்பிச் சொன்ன சேதி இல்லை அது. நான் சுமந்து போவதால் கண்ணில் படுகிறது. கண்ணில் பட்டதை விற்றால் பையைத் தொட எனக்கு அருகதை இல்லை” என்றார். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்தத் தீபாவளி வரை பழைய சீருடையோடுதான் போனேன்.

அந்த வட்டிக்கடைக்காரர் கேட்டதும், மரகவல்லியின் பெயரை வாங்கிய கடன் நிறுவனம் கேட்டதும் ஒரே சரக்கு. கொடுக்காத மனிதர் ஒருவர் நடுவில் இருந்தார் என்பதுதான் வித்தியாசம். ஒவ்வொரு நிறுவனத்திலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் விதி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பதிவுகள் நிறுவனங்களிடம் குவிந்து கிடப்பதற்கு அரசும் காரணம். அழைப்புப் பதிவுகளையும் இணைய இணைப்புப் பதிவுகளையும் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தியது. அதற்கு முன் ஓராண்டாக இருந்தது. நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்றால் அதை இங்கே வாதாடவில்லை. ஆனால் பாதுகாப்புக்காகக் கட்டச் சொன்ன கிடங்கின் பின்கதவு வியாபாரத்துக்குத் திறந்திருக்கக் கூடாது அல்லவா? சந்தாதாரரின் இரகசியத்தைக் காக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உரிமத்தில் உண்டு. எழுத்துபூர்வமாகச் சம்மதித்தால் வெளியிடலாம் என்ற விலக்கும் அதிலேயே உண்டு. அந்த விலக்கின் வழியாகத்தான் ஒரு ஓடிபி உள்ளே நுழைந்துகொள்கிறது.

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 16 அன்று உங்கள் ஆணையமே அருமையான ஒரு பரிந்துரையை வெளியிட்டது. தரவு பயனருக்கே சொந்தம், அதைக் கையாளும் நிறுவனங்கள் வெறும் காப்பாளர்கள் என்று சொன்னீர்கள். முன்கூட்டியே குறியிட்ட கட்டங்களால் சம்மதம் வாங்கக் கூடாது என்றீர்கள். நிபந்தனைகள் சுருக்கமாக, எளிதாக, பல மொழிகளில் இருப்பது கட்டாயமாக வேண்டும் என்றீர்கள். அதைப் படித்தபோது என் அப்பா பேசுவதுபோல இருந்தது. அந்த வரிகளில் ஒன்றுகூட எங்கள் வீட்டுத் திண்ணை வரை வந்து சேரவில்லை.

பொதுவான சட்டம் வரட்டும் என்று காத்திருந்தோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நிறுவனங்களைக் கட்டுப்படுத்த அதிலிருந்து இன்னும் 18 மாதம், அதாவது 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதி. சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பும் தருகிறது. நல்லது. ஆனால் அது மளிகைக்கடைச் செயலிக்கும் இணைய நிறுவனத்துக்கும் பொதுவான சட்டம். செயலி பிடிக்கவில்லை என்றால் அழித்துவிடலாம். வீட்டுக்குள் வரும் கம்பியை எப்படி அழிப்பது? பள்ளி வீட்டுப்பாடமும் மருத்துவமனை முன்பதிவும் ஓய்வூதியச் சான்றும் அதன் வழியேதான் போகின்றன. சுமந்து செல்பவருக்கென்று தனிக் கட்டுப்பாடு வேண்டும். அது உங்கள் துறையின் வேலை.

வேறு நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளலாமே என்பார்கள். எங்கள் தெருவுக்கு ஃபைபர் கொண்டுவந்திருப்பவை இரண்டு நிறுவனங்கள். இரண்டின் தனியுரிமைக் கொள்கையையும் அருகருகே வைத்துப் படித்தேன். ‘கூட்டாளிகள்’ இரண்டிலும் இருக்கிறார்கள். விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள்; எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை இணைய நிறுவனத்துக்குத் தெரியாமல் மறைத்து வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை அது. 78 வயது அம்மாவுக்கும் மாடிவீட்டுப் பெண்ணுக்கும் அதைக் கற்றுக்கொடுத்து, மாதாமாதம் பணமும் கட்டி, நம்பிக்கையை இன்னொரு நிறுவனத்திடம் இடம் மாற்றுவது எப்படித் தீர்வாகும்? அந்த விபிஎன் நிறுவனங்களும் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. சில நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை நாட்டை விட்டே எடுத்துக்கொண்டு போயின.

விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். தளங்களைப் பார்த்த வரலாற்றைப் பயன்படுத்தவோ பகிரவோ வாடிக்கையாளரின் முன்சம்மதம் வேண்டும் என்று அங்குள்ள தகவல் தொடர்பு ஆணையம் 2016 அக்டோபரில் விதி இயற்றியது. அடுத்த மார்ச்சில் செனட் 50–48 என்றும் பிரதிநிதிகள் சபை 215–205 என்றும் வாக்களித்து அதை ரத்து செய்தன. ஏப்ரல் 3 அன்று குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார். 2021 அக்டோபரில் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆறு பெரிய இணைய நிறுவனங்களை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அவற்றில் சில, விளம்பரத்துக்காக வாடிக்கையாளர்களை இனம், பாலின நாட்டம் போன்ற கூறுகளைத் தொட்டே வகைபிரித்திருந்தன. அதே நாட்டில் மெய்ன் மாநிலம் 2020 ஜூலை முதல் தனிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தி, சம்மதிக்காதவருக்குச் சேவையை மறுக்கவோ கூடுதல் கட்டணம் கேட்கவோ கூடாது என்று எழுதி வைத்தது. இந்த இரண்டில் எந்த வழி நமக்கு?

உங்களால் முடியாதது ஒன்றையும் நான் கேட்கவில்லை. 2015இல் இணையச் சமத்துவத்துக்காக, அதாவது எல்லாத் தளங்களையும் பாகுபாடில்லாமல் தர வேண்டும் என்பதற்காக, பத்து லட்சம் பேருக்கு மேல் உங்களுக்கு எழுதினார்கள், நானும் எழுதினேன். 2016 பிப்ரவரியில் பாகுபாடான கட்டணத்தைத் தடை செய்து உறுதியாக நின்றீர்கள். அந்த 2015 கலந்தாய்வில் எழுதியவர்கள் அனைவரின் மின்னஞ்சல் முகவரிகளையும் உங்கள் தளத்தில் அப்படியே வெளியிட்டதையும் நான் மறக்கவில்லை. என் முகவரியும் அதில் இருந்தது. முகவரி என்பது அற்பமான தகவல் என்ற எண்ணம் ஆணையத்துக்குள்ளும் இருந்திருக்கிறது. அது மாற வேண்டும்.

நான் கேட்பவை இவை. சந்தாதாரர் செல்லும் தளங்களின் பெயர், நேரம், பயன்பாட்டு அளவு ஆகியவற்றை இணைப்பைத் தருவதற்கும் சட்டம் கேட்கும்போது ஒப்படைப்பதற்கும் தவிர வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை, 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் தரப்படும் அனுமதிகளில் சேர்க்கும்படி தொலைத்தொடர்புத் துறைக்குப் பரிந்துரையுங்கள். 2027 வரை காத்திருக்காமல் இப்போதே. பெயர், முகவரி, கைபேசி எண்ணை வெளியாருக்குத் தர வேண்டுமானால் தனியாக ஒரு சம்மதம், தமிழில், ஒரே பக்கத்தில், யாருக்கு எதற்கு என்ற விவரத்தோடு வாங்கச் சொல்லுங்கள். இணைப்பைத் தொடங்கும் ஓடிபி அந்தச் சம்மதம் ஆகாது என்று வெளிப்படையாக எழுதுங்கள். மறுப்பவருக்கு வேகமோ விலையோ மாறக் கூடாது.

பயனர் கேட்காத நிரலைப் பக்கங்களுக்குள் செருகுவதைத் தண்டனைக்குரிய விதிமீறல் என்று அறிவியுங்கள். என் விவரங்கள் கடந்த இரண்டு ஆண்டுகளில் யார் யாருக்குத் தரப்பட்டன என்று எழுதிக் கேட்டால் முப்பது நாளுக்குள் நிறுவனம் பட்டியல் தர வேண்டும். பட்டியல் பொய் என்று தெரிந்தால் அபராதம் வேண்டும். பெரிய நிறுவனங்களின் பெயரில் ஊர் ஊராக இணைப்புத் தரும் உள்ளூர் கேபிள்காரர்களும் முகவர்களும் இந்த விதிக்குள் வர வேண்டும். கைபேசியில் தட்டப்பட்ட விவரம் அவர்களிடமும் தங்கிவிடுகிறது. வேண்டாத விளம்பர அழைப்புகளைப் பற்றிப் புகார் சொல்ல 1909 என்ற எண் இருக்கிறது. அந்த அழைப்புக்கு எண்ணை விற்றவர் யார் என்று புகார் சொல்லவும் ஒரு வழியைத் திறந்துவிடுங்கள். இவற்றைப் பற்றிக் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போது, அதைத் தமிழிலும் வெளியிடுங்கள்.

ஐந்து அழைப்புகளின் தேதி, நேரம், எண்கள், விளம்பரப் பட்டையின் படங்கள், நிறுவனத்தின் இரண்டு பதில்கள், மரகவல்லி பெயரில் வந்த ரசீதுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. இந்த மடலின் பிரதியோடு அவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பெயர்ப்பிழையை இன்றுவரை திருத்தவில்லை. நீங்கள் பதில் தரும்வரை திருத்தவும் மாட்டேன்.

கும்பகோணத்திலிருந்து,
மரகதவல்லியின் மகள்